கிழமைக்கொரு பாத்தி

தோட்டத்தில் கைகொடுக்க வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது தக்காளி நாற்று. தேன்கனிக்கோட்டையில் அது இயல்புதான்; ராயக்கோட்டை மண்டி வரைக்கும் தக்காளி விலைதான் பேச்சு. ஆனால் எல்லார் காட்டிலும் ஒரே வாரத்தில் பழுத்து, பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டிக் கிடப்பதையும் நாம்தான் பார்க்கிறோம். மண்டிக்கு விதைப்பது வேறு, அடுப்புக்கு விதைப்பது வேறு.

ரேஷனில் 2011 முதல் அரிசி இலவசம். பருப்பும் பாமாயிலும் மலிவாகக் கிடைக்கின்றன. காய்கறி அங்கே கிடையாது. தனியாக இருக்கிற கிழவி, ஓசூர் கம்பெனியில் வேலை நின்றுபோன குடும்பம், இவர்கள் வீட்டில் சோறு வெந்துவிடும், களியும் கிண்டிவிடுவார்கள். தொட்டுக்கொள்ளத்தான் ஒன்றும் இராது. ஒருவர் குத்தகை வாங்காமல் விட்ட நிலத்தில் நாங்கள் சேர்ந்து பாடுபடுவது அந்தக் குறைக்காகத்தான். சத்துணவுக் கூடத்துக்கும் கொஞ்சம் போகிறது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அவ்வா, விதைப்பையை யார் கையிலும் முழுசாகக் கொடுக்க மாட்டார். ஒரு பிடி சிறுகீரை விதைக்கு நாலு பிடி மணல் கலந்து ஒரே ஒரு பாத்திக்குத் தூவுவார். அடுத்த பாத்தி அடுத்த வாரம்தான். “ஒரேயடியா வெதச்சா பாதி மாட்டுக்குத்தான்பா போகும்” என்பார். சிறுகீரை இருபத்தைந்து நாளில் பிடுங்க வரும். நாலு பாத்தி இருந்தால் வாரம் ஒன்று காலியாகும், அன்றே தொழுவுரம் போட்டுக் கொத்தி மறுபடி விதைத்துவிடலாம்.

அரைக்கீரையைப் பிடுங்கக் கூடாது, அறுக்க வேண்டும். அவ்வாவின் இடது கை தண்டுகளைத் தளர்வாகச் சேர்த்துப் பிடிக்கும். அரிவாள் கீழே இரண்டு கணு விட்டுச் சாய்வாக ஓடும். அந்தக் கணுக்களில்தான் பக்கத்துளிர் வெடிக்கும். புதியவர்கள் மழுங்கின அரிவாளால் இழுத்து அறுப்பார்கள். வேர் அசைந்துவிட்டால் அடுத்த அறுப்பு நோஞ்சானாகத்தான் வரும். ஆகவே வேலை தொடங்குமுன் அரிவாள் தீட்டுங்கள். பனி ஈரத்தோடு அறுத்ததைச் சாக்கில் திணித்தால் கருத்துவிடும்; கோணி விரித்து உலர்த்திவிட்டுக் கட்டுக் கட்டுங்கள்.

வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் எரிகிறது. ஜனங்கள் கொண்டுவந்து கொடுக்கிற அரிசியும் காயும் நாள் தவறாமல் வந்து சேர்வதால்தான் அது நடக்கிறது. நம்முடையது சின்ன அடுப்பு, ஆனால் கணக்கு அதேதான்: கொஞ்சமானாலும் வாரம் தவறாமல் வர வேண்டும்.

நம் மேட்டுநிலம் சுமார் 900 மீட்டர் உயரம். மார்கழிக் குளிரில் முருங்கை இலை பழுத்து உதிர்ந்துவிடும். அப்போது கைகொடுப்பது அவரை. பனியில் காய்த்த அவரைக்கு வாசமே தனி. கொழுந்தில் அசுவினி அடைந்தால் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். விடியற்காலையில், இலையில் பனி இருக்கும்போதே, சலித்த அடுப்புச் சாம்பலை இலையின் அடியிலும் படும்படி தூவுங்கள். வெயில் ஏறின பிறகு தூவினால் ஒட்டாது. வாழை வைக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். ராகி முற்றுகிற நாளில் கர்நாடகக் காட்டிலிருந்து ஜவளகிரிப் பக்கம் யானைகள் இறங்குகின்றன. வாழையும் பலாவும் வைப்பது அவற்றுக்குப் பந்தி போடுவதுதான். நமக்கும் ஆபத்து, யானைக்கும் ஆபத்து.

சித்திரையில் கிணறு வற்றிக் கீரை குறையும். அதற்கு மஞ்சள் பூசணி சேர்த்து வையுங்கள். நகம் இறங்காத அளவுக்குத் தோல் முற்றியதும், காம்பு நாலு விரல் விட்டு அறுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வைக்கோலில் பரப்பி, வாரம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். காம்பு கழன்ற காயை மட்டும் வைக்க வேண்டாம், அன்றைக்கே அடுப்புக்கு அனுப்பிவிடுங்கள்.