குட்டிச் சங்கு வேண்டாமே!

எனக்கு மருந்து புகட்டிய சங்கில்தான் என் மகளுக்கும் பேத்திக்கும் புகட்டினோம். ஆறு வயதுப் பேத்தி புதுச்சேரி கடற்கரைச் சாலையில் குட்டிச் சங்குகளைப் பார்த்து, "இதுக்குள்ள இருந்த பூச்சி எங்க பாட்டி?" என்றாள்.

நல்ல கேள்வி! சங்கு, மணலில் புதைந்து புழுக்களைத் தின்று வாழும் கடல் நத்தை. ஆட்டுக்கொம்பு போல முறுக்கிய கூட்டில் முட்டையிடும். அதை மீனவர்கள் 'சங்குப்பூ' என்பார்கள். பல சிப்பிகளின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து பரவும். சங்குக் குஞ்சுகளோ ஓட்டோடு வெளிவந்து, பிறந்த இடத்திலேயே ஊர்ந்து வளரும். ஓரிடத்தில் ஒட்ட அள்ளிவிட்டால் மறுபடி பெருக நெடுநாளாகும்.

அதனால்தான் தமிழகச் சங்குகுளிப்பில் 57 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள சங்கை உயிரோடு கடலில் விடச் சொன்னார்கள்.

நாங்கள் குட்டிச் சங்கு வாங்குவதில்லை. வீட்டில் இருப்பதே அடுத்த தலைமுறைக்கும் வரும்.