அரம்

விலை மலிவான யந்திரத்தை வாங்குகிறவன் அதோடு ஒரு வேலையையும் சேர்த்து வாங்குகிறான். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. 2016 டிசம்பர் 12இல் வர்தா அடித்தபின், திருவாலங்காட்டில் எங்கள் தெருவை அடைத்துக் கிடந்த வேம்பை அறுக்க ஆள் வர நான்கு நாளாயிற்று. அடுத்த மாதம் 58 சிசி சீன மரம் அறுக்கும் மிஷின் ஒன்று வாங்கினேன். இன்றும் ஓடுகிறது. 2023 மிக்ஜாம் மழையில் மூன்றாவது இழுப்பில் கிளம்பியது.

மற்ற நாட்களில் அதற்கு இரை சீமைக்கருவேலம்தான். காரைக்கால் அம்மையார் கண்ட ஆலங்காட்டில் இலவம், எட்டி, காரை எல்லாம் உண்டு, இது இல்லை. 19ஆம் நூற்றாண்டில் வந்த மரம். வைரம் பாய்ந்த கட்டை, மண் ஒட்டிய தூர். பல் ஒரு தரம் மண்ணைத் தொட்டால் போதும், கூர் போயிற்று. மரத்தூள் காட்டிக்கொடுத்துவிடும்: சில்லு சில்லாக விழுந்தது மாவாக விழும். அப்போது மனிதன் அமுக்க ஆரம்பிக்கிறான். அமுக்குகிற கை பிடி தவறும். செயின் ஓடும் பாரின் நுனியில், மேல்பாதி எதிலாவது முட்டினால் மிஷின் முகத்தை நோக்கி எழும்பும். இமைக்க நேரமில்லை.

ஊரில் இரண்டாள் ரம்பம் இழுத்த கிழவர் ஒருவர் இருக்கிறார். மிஷின்கள் வந்து அவர் தொழில் போயிற்று. என் செயினைத் தடவிப் பார்த்துச் சொன்னார்: "மிஷினு அறுக்கல சார், நீங்க அறுக்கறீங்க."

4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில், 30 டிகிரி சாய்வில். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. எண்ணிக்கை பிசகினால் பற்களின் நீளம் மாறும், வெட்டு கோணிக்கொண்டு போகும். சில தடவை தீட்டியபின் பல்லுக்கு முன்னாலிருக்கும் சின்ன மேட்டையும் தட்டை அரத்தால் லேசாகத் தேய்க்க வேண்டும். அதிகம் தேய்த்தால் பல் மரத்தைக் கவ்விக் குதிக்கும். (வள்ளுவர் அரத்தையும் மரத்தையும் ஒரே குறளில் வைத்து, கூர்மையை அரத்துக்கும் பண்பின்மையை மரத்துக்கும் கொடுத்தார். மரத்துக்கு அது அநியாயம்.)

பெட்ரோல் வேறு சங்கடம். லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில் கலக்க வேண்டும். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 2023 முதல் பங்குகளுக்கு வரத் தொடங்கிய பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் தொட்டியில் கிடந்தால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். ஆயில் மேலே, குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருப்பதை. கார்புரேட்டரின் ரப்பர் டயஃப்ரமும் கெடும். எனவே வேலை முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். காற்று ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசுவது, பார் பள்ளத்தில் அடைந்த தூளைச் சுரண்டுவது எல்லாம் அரை மணி நேரம்.

கிழவருக்குப் பெட்ரோல் வாசனை ஆகாது. செயினை மட்டும் கழற்றித் திண்ணையில் கொடுக்க வேண்டும். ஐம்பது ரூபாய். பக்கத்து ஊர்களிலிருந்தும் இப்போது செயின்கள் வருகின்றன, கோணியில் சுற்றி. கண் மங்கிவிட்டது அவருக்கு. தள்ளுகளை வாய்விட்டு எண்ணுகிறார். கூரைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்க்கிறார்.