நூற்றுக்கு ஏழு

2011 அக்டோபர் 25 வரைக்கும் நான் யோக்கியன். சேமிப்புக் கணக்குக்கு என்ன வட்டி கொடுப்பது என்பதை அந்தந்த வங்கியே முடிவு செய்துகொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி அன்றைக்குத்தான் அறிவித்தது. அதற்கு முன்னால் நாட்டில் எந்த வங்கிக்குப் போனாலும் ஒரே வட்டி. பல வருடம் 3.5 சதவீதம், அந்த வருடம் மே மாதத்திலிருந்து 4. எங்கே போட்டாலும் ஒன்றுதான் என்றால் ஆசைப்பட என்ன இருக்கிறது? வீட்டுக்குப் பக்கத்துக் கிளையில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். அறிவிப்பு வந்த சில நாட்களுக்குள் ஓரிரு தனியார் வங்கிகள் 6 சதவீதம் என்றன. எனக்குத் தூக்கம் போனது.

பழியில் பாதியை அப்பா மேல் போடலாம். அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அவர் காலத்தில் ஒரு மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் கணக்கில் எது குறைந்த இருப்போ, அதற்குத்தான் அந்த மாத வட்டி. மாதம் முழுக்க 10,000 ரூபாய் கிடந்து, 29-ஆம் தேதி 8,000 எடுத்தால், மிச்சமிருக்கிற 2,000-க்குத்தான் வட்டி வரும். அதனால் எங்கள் வீட்டில் பணத்தைப் பத்தாம் தேதிக்குள் போட்டுவிட வேண்டும், மாதம் முடிகிறவரை தொடக் கூடாது. செருப்பு அறுந்தாலும், மளிகைக்கடை பாக்கி கழுத்தை நெரித்தாலும், எல்லாம் ஒன்றாம் தேதிக்கு மேல். 2010 ஏப்ரல் 1 முதல் வங்கிகள் தினசரி இருப்புக்கு வட்டி கணக்கிட ஆரம்பித்தன. தபால் ஆபீசில் இன்றைக்கும் அந்தப் பத்தாம் தேதிக் கணக்குதான் நடக்கிறது. அப்பாவுக்கு ஒரு சம்பளம், நிறைய வாய்கள். அந்தச் சாக்கு எனக்கு இல்லை. கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். சொந்த வீடு, கடன் இல்லை.

கணக்கு எழுதுகிறவனுக்கு இந்த விளையாட்டு கஞ்சா மாதிரி. ஸ்மால் பைனான்ஸ் வங்கிகள் வந்த பிறகு 7 சதவீதம் வரை கேள்விப்பட்டேன். ஆனால் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். ஒரு லட்சம் வரை ஒரு விகிதம், அதைத் தாண்டிய தொகைக்கு மட்டும் வேறு விகிதம், இன்னும் மேலே போனால் இன்னொன்று; ஸ்லாப் என்பார்கள். சில வங்கிகளில் நடுப்படியில்தான் வட்டி அதிகம், உச்சியில் குறைந்துவிடும். எந்தக் கணக்கில் எவ்வளவு வைத்தால் மொத்தத்தில் அதிகம் வரும் என்று எக்செலில் ஒரு தாள் போட்டேன். சம்பளம் விழுந்த அன்றே, மினிமம் பேலன்சை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைப் பிரித்து அனுப்புவேன். ஒரு வங்கி வட்டியைக் கால் சதவீதம் குறைத்தால் அங்கிருந்து கூடாரத்தைக் காலி செய்வேன். காலாண்டு முடிந்து வட்டி வரவு வைக்கப்பட்டதாக வரிசையாக எஸ்.எம்.எஸ். வரும்போது வருகிற சந்தோஷம், சம்பளம் வரும்போது வந்ததில்லை. சம்பளத்துக்கு உழைக்க வேண்டியிருந்தது.

யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு கௌரவமான காரணமும் கைவசம் இருந்தது: பாதுகாப்பு. வங்கி நொடித்தால் ஒருவருக்கு ஒரு வங்கியில் இவ்வளவு என்றுதான் டெபாசிட் காப்பீடு. 1 லட்சமாக இருந்தது 2020 பிப்ரவரியில்தான் 5 லட்சம் ஆனது. பிரித்துப் போடுகிறவன் புத்திசாலி என்பேன். அந்த வருடம் நவம்பர் 17-ஆம் தேதி, எங்கள் ஊரிலேயே 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. அங்கே எனக்குக் கணக்கு கிடையாது. ஊரே கலங்கி நின்ற அந்த வாரத்தில் நான் டீக்கடையில் நின்று காப்பீட்டு விதிகளை விளக்கிக்கொண்டிருந்தேன். மாதக் கடைசிக்குள் வங்கியை டி.பி.எஸ். வங்கியோடு இணைத்து, டெபாசிட்காரர்களின் பணம் முழுசாகக் கிடைக்க வழி செய்துவிட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. இதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

உண்மையில் பெரிய லாபம் ஒன்றுமில்லை. மறந்துபோன ஒரு கணக்கில் இருப்பு குறைந்து, அபராதமும் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து ஒரு வருடக் கூடுதல் வட்டியைத் தின்றது. வருமான வரியில் நான் செய்தது வெறும் மறதி அல்ல. சேமிப்பு வட்டிக்கு வங்கி டி.டி.எஸ். பிடிப்பதில்லை. அதனால் ஆடிட்டரிடம் சம்பளக் கணக்கின் வட்டியை மட்டும் சொல்லிவந்தேன். அது 10,000 ரூபாய் கழிவுக்குள் அடங்கிவிடும். 2021 கடைசியில் வரித்துறை ஏ.ஐ.எஸ். என்று ஒரு அறிக்கையை இணையத்தில் போட்டது. திறந்து பார்த்தால் என் கணக்குகளின் வட்டியெல்லாம் வங்கிவாரியாக வரிசைகட்டி நின்றது. கூடுதல் வரியோடு திருத்தம் தாக்கல் செய்து கட்டினேன். ஆடிட்டர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

அதெல்லாம் அரசாங்கத்துக்கும் எனக்கும் உள்ள கணக்கு, கட்டித் தீர்த்தாயிற்று. தீராதது 2019 ஜூனில் நடந்தது. குளித்தலையிலிருந்து அக்கா போன் செய்தாள். பையனுக்கு இன்ஜினியரிங் கல்லூரியில் முதல் வருடக் கட்டணம், ஹாஸ்டலுக்கும் சேர்த்து 80,000 குறைகிறது. ஆவணியில் வாழை வெட்டியதும் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னாள். என்னிடம் அதைப்போலப் பல மடங்கு இருந்தது. ‘கையில இல்லியேக்கா, எல்லாம் அங்கங்க மாட்டிக்கிட்டிருக்கு’ என்றேன். சேமிப்புக் கணக்கில் பணம் எப்படி மாட்டும்? அக்காவுக்குக் கேட்கத் தெரியவில்லை, அல்லது கேட்கவில்லை. ‘சரி தம்பி, பரவால்ல’ என்று வைத்துவிட்டாள்.

திருப்பித் தர மாட்டாள் என்ற பயமா என்றால், இல்லை. வாங்கினதை நாள் தவறாமல் கொடுக்கிறவள் அவள். அந்தத் தாள்தான் காரணம். ஒவ்வொரு கணக்கிலும் வட்டி அதிகமுள்ள படி நிறைகிற அளவுக்குப் பணத்தை நிறுத்தி வைத்திருந்தேன். 80,000 உருவினால் மொத்த அடுக்கும் சரியும். பக்கத்தில் இருந்த என் மனைவி, ‘ஏதாவது ஒண்ணுலருந்து எடுத்துக் குடுத்திருக்கலாமே’ என்றாள். அவளுக்கு ஸ்லாப் என்றால் என்னவென்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் எழுந்து போய்விட்டாள்.

அக்கா தன் நாலு பவுன் செயினை அடகுக்கடையில் வைத்தாள். நூற்றுக்கு இரண்டு வட்டி, மாதம் 1,600. மூன்று மாதத்தில் மீட்டபோது 4,800 கட்டியிருந்தாள். அந்த 80,000-க்கு அதே மூன்று மாதத்தில் 7 சதவீதப்படி எனக்கு வந்திருக்கக்கூடியது 1,400. கணக்கில் புலி என்று ஆபீசில் பெயரெடுத்தவன் இந்தக் கழித்தலை மட்டும் வருடக்கணக்கில் போடவில்லை. அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டே போடாமல் இருந்தேன்.

பையன் படித்து முடித்து, கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டான். போன தீபாவளிக்குக் குளித்தலைக்குப் போயிருந்தோம். ‘மாமா, சேலரி அக்கவுண்ட்ல பணம் சும்மா கெடக்கு. எந்த பேங்க்ல போட்டா வட்டி நல்லா வரும்?’ என்று கேட்டான். என்னிடம் இதைக் கேட்கலாமா? எந்த வங்கியில் எந்த வரம்புக்கு மேல் எவ்வளவு, எங்கே மினிமம் பேலன்ஸ் தொல்லை, வட்டியை வரிக்கணக்கில் ஏன் மறைக்கக் கூடாது, எல்லாவற்றையும் சொன்னேன். போனைத் திறந்து என் கணக்குகளையும் வரிசையாகக் காட்டினேன். பையன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா எட்டிப் பார்த்தாள்.

‘இத்தன பேங்கு எப்பருந்து தம்பி வச்சிருக்க?’

என் மனைவி என்னையே பார்த்தாள்.

‘இப்பத்தாங்க்கா, கொரோனாவுக்கு அப்புறம்’ என்றேன்.