எந்தக் கண்மாய் வத்துச்சு?

மீனே கடிக்காத கண்மாயில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கலாம். அதில் ஒரு நிம்மதி உண்டு. பொடி மீன் விடாமல் கடிக்கிற கண்மாய்தான் ஆளைப் படுத்திவிடும். தக்கை துடிக்கும்; இழுத்தால் வெறும் முள். புதுப் புழுவைக் கோத்துப் போட்டால் மறுபடி அதே கதை. தப்பித்தவறி மாட்டுவதும் விரல் நீளத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டையாக இருக்கும். அதற்குள் முதுகு முள்ளை விரித்துக் கையைக் குத்தப் பார்க்கும் திமிர் வேறு.

திருவரங்குளத்தைச் சுற்றி இந்த அனுபவத்துக்குப் பஞ்சமில்லை. புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற சாலையில் இருக்கிறது ஊர். ஆற்றை நம்பிப் பிழைக்கிற மாவட்டமல்ல எங்களுடையது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கண்மாய், குளம், ஏந்தல் என்று 5,000-க்கு மேல் வெட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல மழை பெய்த வருஷம், தை மாதத்தில் எந்தக் கரையில் ஏறினாலும் மூங்கில் கம்போடு நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நாலு பேர் பையிலும் பொடிதான்.

என் பெரியப்பா அந்த நாலு பேரோடு உட்காரமாட்டார். "பொடி கடிக்கிற எடத்துல ஏன்டா ஒக்காந்திருக்க? எந்திரி" என்பார். அவர் கணக்கில் இடம்தான் முதல். இரை அப்புறம்தான். கரையோரக் கோரையும் ஆம்பலும் மண்டிய முழங்கால் தண்ணீர் குஞ்சுகளுக்கு. பருமனான மீன் மடைக்கு முன்னால் இருக்கிற குழியில் கிடக்கும். அல்லது கரையை உயர்த்த மண் எடுத்த பள்ளத்தில். ஆகவே தக்கையை நரம்பில் மேலே ஏற்றிக் கட்டி, இரை சேற்றுக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி விடுவார். வழியில் பொடிகள் மறிக்குமே? கல்யாணப் பந்தியில் பிள்ளைகள்தான் முதலில் இடம் பிடிக்கும் என்பதுபோல, எந்த இரையையும் முதலில் தொடுவது பொடிதான். அதனால் ஈயத்தைக் கனமாகப் போட்டு, அவை சுதாரிப்பதற்குள் இரையைக் கீழே இறக்கிவிடுவார். புழு கிடையாது. பொடி வாய்க்குள் போகாத அளவுக்குக் கெட்டியாகப் பிசைந்த மைதா உருண்டை, அதற்கேற்ற பெரிய முள். நேரம், விடிகிற நேரம். வெயில் ஏறிய பிறகு வருகிறவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு.

இவ்வளவும் செய்து, மடைக்குழியிலும் விரல் நீளமே வருகிறதென்றால்?

அங்கேதான் விஷயம் வேறு. அந்தப் பொடி குஞ்சே அல்ல. வலையில் அகப்பட்ட விரல் நீளப் பெட்டையின் வாயைத் திறந்து பாருங்கள், சில சமயம் உள்ளே முட்டை இருக்கும். ஜிலேபி வாயில் வைத்து அடைகாக்கிற மீன். நெருக்கடி மிகுந்த குளத்தில் இரண்டு மூன்று மாதத்திலேயே பருவத்துக்கு வந்து, உடம்பு வளர்க்க வேண்டிய சத்தையெல்லாம் முட்டைக்குச் செலவழித்துவிடும். குட்டையாகவே நின்றுவிடும். ஆக நாம் குழந்தை என்று நினைத்துத் தண்ணீரில் திருப்பி விடுவது பாட்டியாகவும் இருக்கலாம்.

இந்த மீன் நம் ஊர்க்காரர் அல்ல. தென்கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. இந்தியாவுக்குள் 1952-இல் கொண்டுவரப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் இலங்கைக்கும் போனது. பொலன்னறுவையின் பராக்கிரம சமுத்திரம் போன்ற பெரிய ஏரிகளில் இதே மீன் சந்தைக்குப் போகிற அளவில் வளர்ந்து, அந்த நாட்டின் நன்னீர் மீன்பிடியையே தாங்கியது. ஆழமும் பரப்பும் இருந்தால் தாமதமாகப் பருவமடைகிறது, பெரிதாகிறது. கண்மாயில் அதற்கு வாய்ப்புக் குறைவு. பண்ணைக்காரர்கள் ஆண் குஞ்சுகளை மட்டும் வாங்கி விடுவதும் இந்தத் தொல்லைக்குப் பயந்துதான். ஆண் வேகமாக வளரும். தவிரவும், பெட்டை இல்லாத குளம் நிரம்பி வழியாது.

அமெரிக்காவின் அலபாமாவில் 1930-களிலேயே ஹோமர் சுவிங்கிள் என்பவர் பண்ணைக் குட்டைகளில் இந்தச் சிக்கலை ஆராயத் தொடங்கினார். அங்கே பெருகித் தொல்லை கொடுப்பது புளூகில் என்ற தட்டை மீன். அதைத் தின்று அளவாக வைத்திருக்க பாஸ் மீன் வேண்டும். பாஸ் குறைந்தால் புளூகில் எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

நம் பாஸ் விரால்தான். அதைத்தான் நாம் விட்டுவைப்பதில்லை. செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் நீர்மேல் திரண்டு வந்தால், அதன் கீழே தாய் தகப்பன் காவல் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கூட்டத்தின் நடுவே தவளையைப் போட்டால் கோபத்திலேயே பாய்ந்து கடிக்கும். பிடித்தவன் போட்டோ எடுத்துக்கொள்வான். குஞ்சுகளை ஜிலேபியும் மற்றதும் தின்னும். குத்தகைக்காரருக்கும் விரால் ஆகாது, அவர் விட்ட கட்லா, ரோகு குஞ்சுகளைத் தின்றுவிடும் என்பதால். அவர் கவலையும் நியாயம்தான். ஆனால் தாய் விராலைக் குஞ்சோடு இருக்கும்போது பிடிப்பதை எனக்கு எந்த நியாயத்தாலும் ஏற்க முடியவில்லை.

கோடையில் தண்ணீர் வற்றி, ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீச, ஊத்தாவும் வலையுமாகச் சனம் இறங்குகிற மீன்பிடித் திருவிழாவை அழிவு என்று சொல்கிறவர்கள் உண்டு. பெரிய மீன் வேண்டுகிறவனுக்கு அது நல்ல காலம். தரை தெரிய வற்றினால் ஜிலேபி மிஞ்சாது. விரால் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கிற மீன். ஈரச் சேற்றுக்குள் புதைந்து சில மாதம் தாக்குப்பிடிக்கும். அடுத்த மழையில் மேல்கண்மாய்க் கலிங்கு வழிந்து கொஞ்சம் ஜிலேபி வந்து சேரும். வயிறு நிறையத் தீனி, போட்டிக்கு ஆள் இல்லை, பெருகினால் தின்ன விரால் காத்திருக்கிறது. அந்த வருஷத்து மீன் உள்ளங்கையைத் தாண்டும்.

பெரியப்பா இந்த விஞ்ஞானம் எதையும் படித்ததில்லை. எங்கே மீன் விழுகிறது என்று யாரிடமும் விசாரிக்கவும் மாட்டார். தை பிறந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து, பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்களிடம் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "போன கோடையில ஒங்க பக்கம் எந்தக் கம்மா சுத்தமா வத்துச்சு?"