மாமாவின் சக்திமான்

அரபு மொழியில் ‘ரகிப’ என்றொரு வினைச்சொல் உண்டு. ஏறினான், ஊர்ந்து சென்றான் என்பது அதன் பொருள். அவ்வேரிலிருந்து பிறந்ததே ‘மர்கப்’. ஏறிச் செல்லும் கலத்தையும் வாகனத்தையும் அது குறிக்கும். அதே வேரைச் சற்று அழுத்தி ‘ரக்கப’ என்றால், ஒன்றோடொன்றைப் பொருத்தினான், பூட்டினான் என்று பொருள் விரியும். அதன் வழி வந்தது ‘தர்கீப்’. மதரஸாவில் ஓதியவர்கள் இச்சொல்லை மறத்தல் இயலாது. ஒரு வாக்கியத்தைப் பிரித்து, எது எழுவாய், எது பயனிலை, எந்தச் சொல் எதனைத் தழுவி நிற்கிறது என்று உஸ்தாதின் முன் ஒப்புவிக்கும் பயிற்சிக்கு அதுவே பெயர். ஏழாண்டுகள் நாம் தர்கீப் செய்தோம். எனினும், ஏறுவதற்கும் பூட்டுவதற்கும் வேர் ஒன்றாக இருப்பதன் அழகை நமக்கு உணர்த்தியது, பட்டாளம் கழித்துவிட்ட ஒரு பழைய லாரியே.

1991-ல் ஸனது பெற்று உத்தமபாளையம் திரும்பி ஆசிரியராக அமர்ந்தோம். நம் தாய்மாமா இருபதாண்டுகள் இராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்; அதிகம் பேசாதவர். ‘இராவுத்தர்’ என்பதற்குக் குதிரை வீரர் என்று பொருள் சொல்வார்கள். நம் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் குதிரை ஏறியவர் எவருமில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுபோல், 1992-ஆம் ஆண்டு ஒரு மாலைப் பொழுதில், வேறொரு லாரியின் பின்னே சங்கிலியால் கட்டி இழுக்கப்பட்டு, மாமாவின் தென்னந்தோப்புக்குள் அது வந்து சேர்ந்தது. இராணுவம் ஏலம் விட்டதை ஒரு பழைய இரும்பு வியாபாரி எடுத்திருந்தார். அவரிடமிருந்து மாமா வாங்கினார். வட்டிக்குப் பணம் வாங்குவதில்லை என்பதில் அவர் உறுதியாக நின்றதால் மாமியின் வளையல்கள் விலையாயின. நம் திருமணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த சிறு தொகையும் பங்காக அதில் சேர்ந்தது.

இத்தகைய வண்டிகளை நம் பெரியவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்த பின்னர், படைகள் கழித்த ஃபோர்டு, செவர்லே லாரிகள் ஊர் தோறும் வந்தன. பஸ்ஸாகவும் சுமை வண்டியாகவும் மாறின. ‘டிஸ்போசல் லாரி’ என்ற சொல் அன்று எல்லோர் நாவிலும் இருந்தது. மாமா வாங்கியதோ நம் நாட்டிலேயே செய்யப்பட்ட சக்திமான். ஜெர்மனியின் மான் நிறுவனத்திடம் உரிமம் பெற்று, கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்த காலத்தில், 1959-ல் ஜபல்பூரில் அதன் உற்பத்தி தொடங்கியது. ருடால்ஃப் டீசல் தம் பெயரால் வழங்கும் இயந்திரத்தை 1890-களில் உருவாக்கிய ஆக்ஸ்பர்க் நகரத்து ஆலையின் வழிவந்ததே அந்நிறுவனம். 1965-லும் 1971-லும் நம் படைகளின் சுமையைச் சுமந்தவை சக்திமான்கள். 1996-ல் அவற்றின் உற்பத்தி நின்றது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பு அதன் தனிச்சிறப்பு. சாதாரண லாரி பின்சக்கரங்களால் மட்டுமே உந்தப்படும். சேற்றில் அவை சுழன்று புதையும். சக்திமானில் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் முன்சக்கரங்களும் மண்ணைப் பற்றி இழுக்கத் தொடங்கும்.

தோப்புக்கு வந்தபோது இயந்திரம் இறுகிக் கிடந்தது. மழைநீர் உள்ளே இறங்கி, பிஸ்டன்களும் சிலிண்டர்களும் துருவால் ஒட்டிப் போயிருந்தன. மாமா அவசரப்படவில்லை. ஆறு சிலிண்டர்களிலும் மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி மூடிவிட்டார். நாள்தோறும் அஸர் தொழுதபின் வந்து, ஃப்ளைவீலின் பல்லில் கடப்பாரையைக் கொடுத்து மெல்ல அசைத்துப் பார்ப்பார். பதினோராம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. “போதும். இன்னைக்கு இவ்வளவுதான்” என்று கையைத் துடைத்துக்கொண்டார். ஓங்கி ஓர் அடி கொடுத்திருந்தால் அன்றே சுழன்றிருக்குமே என்றோம். “சுழலும் ஹஜ்ரத்து. ரிங்கும் உடையும்” என்றார்.

பின்பு ஒவ்வோர் உறுப்பாகக் கழன்றது. எடுத்ததை எடுத்த வரிசையிலேயே சாக்கின்மீது பரப்பி, ஒவ்வொன்றிலும் அட்டைச் சீட்டைக் கட்டுவோம். சீட்டெழுதும் பணி நம்முடையது. இன்ன திருகு இன்ன மூடியைத் தழுவுவது, இன்ன வளையம் இன்ன தண்டுக்கு உரியது என்று எழுதுகையில், உஸ்தாதின் முன் நிற்பதுபோலவே தோன்றும். கிராங்க் தண்டை வெளியே எடுத்த நாளில் நம் கல்வியைக் காட்டும் ஆசை எழுந்தது. சுழற்சியை நேர்கோட்டு அசைவாக மாற்றும் இத்தகைய அமைப்பை, தியார்பக்ர் நகரில் வாழ்ந்த அல்ஜஸரீ 1206-ல் முடித்த தம் நூலில், நீர் இறைக்கும் பொறி ஒன்றுக்காக வரைந்து விளக்கியிருக்கிறார் என்று சொன்னோம். மாமா தண்டைத் துடைத்தவாறே கேட்டிருந்துவிட்டு, “அவர் எண்ணெய்க்கு வழி எங்கே வச்சிருந்தார்?” என்று வினவினார். நம்மிடம் விடை இல்லை.

தேய்ந்த பேரிங்குகள் மதுரையிலிருந்து வந்தன. டீசல் பம்பும் நாசில்களும் அங்கேயே அனுப்பிச் சரிபார்க்கப்பட்டன. கிடைக்காத புஷ்களைக் கம்பத்து லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். டீசல் தொட்டிக்குள் கூழாங்கற்களையும் மண்ணெண்ணெயையும் போட்டு, இருவர் பிடித்து ஆட்டி ஆட்டித் துருவை உதிர்த்தோம். இவ்வாறு பதினெட்டு மாதங்கள் சென்றன.

நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். இராணுவ வண்டிக்குரிய ஆலிவ் பச்சையைத் தனியார் வண்டிக்குப் பூசலாகாது என்று 1989-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகள் தடுக்கின்றன. மாமா மற்ற வேலைகளையெல்லாம் முடித்துவிட்டு இதை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தார். முடிவில் ஒரு நாள் உப்புத்தாளை எடுத்துத் தாமே தேய்க்கத் தொடங்கினார். மேல்நோக்கிய அம்புக்குறியுடன் கூடிய பழைய இராணுவ எண் மறையும் வரை எவரையும் கைவைக்க விடவில்லை. பிறகு காவி நிறம் பூசப்பட்டது.

1994 தொடக்கத்தில் ஒரு காலை, குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றி, ஸ்டார்ட்டரை அழுத்தினார். வெண்புகை கக்கி இருமுறை அணைந்தது. மூன்றாம் முறை உயிர் பெற்றது. தென்னை ஓலைகள் நடுங்கின. மாமி வாசற்படியில் நின்று முந்தானையால் கண்களைத் துடைத்தார்கள். புகையினால் என்றே சொன்னார்கள்.

குமுளிக்கு அப்பால் ஏலத் தோட்டங்களுக்கு எருவும் விறகும் ஏற்றிச் செல்வதே அதன் தொழிலாயிற்று. தென்மேற்குப் பருவமழையில் மற்ற லாரிகள் நின்றுவிடும் பாதையிலும் அது சென்றது. கட்டிய பணம் திரும்பும் என்ற நம்பிக்கை பிறந்தது.

இனிக் கூறப்போவது நமக்குப் பெருமை தருவதன்று. 1995 ஜூன் மாதம் ஒரு தோட்டத்துக்கு மழை வலுப்பதற்குள் எரு முழுவதையும் கொண்டு சேர்க்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அந்த ஒரு பருவத்தின் கூலியில் மாமிக்கு வளையல் வாங்கிவிடலாம். நம் பங்கும் திரும்பிவிடும். நம் நிக்காஹுக்கு நாளும் பேசியாகிவிட்டது. புறப்படுவதற்கு முந்திய மாலை, முன்சக்கரத்தின் உட்புறத்தில் பிரேக் எண்ணெய் கசிந்திருப்பதை மாமா கண்டார். கழற்றிப் பார்த்தபோது வீல் சிலிண்டரின் உட்சுவர் துருவால் குழி விழுந்திருந்தது. வேறு சிலிண்டர் வர நாளாகும். நாளை வண்டி ஓடாது என்றார்.

நாம் வாதாடினோம். எண்ணெயை நிரப்பிக்கொண்டு மெல்லச் சென்று வரலாம், இரண்டு நாள்தானே என்றோம். அதற்கும் அவர் அசையாதபோது, “அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்துப் புறப்படுங்கள் மாமா” என்றோம்.

மாமா நிமிர்ந்து நம்மைப் பார்த்தார். “ஒட்டகத்தைக் கட்டிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை, போன ஜும்ஆவில நீங்கதானே சொன்னீங்க, ஹஜ்ரத்து?” என்றார். குரலில் கேலி இல்லை. அதுவே நம்மை அதிகம் சுட்டது. தவக்குல் என்னும் பெரிய சொல்லின் பின்னே நம் பணம் ஒளிந்து நின்றதை அக்கணத்தில் கண்டுகொண்டோம். கற்ற சொல்லை எதற்குக் கேடயமாக்கினோம் என்று எண்ணி நாணினோம்.

ஒப்பந்தம் வேறொருவருக்குப் போயிற்று. அந்த லாரிக்கு யாதொரு விபத்தும் நேரவில்லை. நம் வண்டி சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குச் சான்று காட்டவும் இயலாது. நிகழாத தீங்குக்குச் சாட்சி கிடையாது. தவிர்த்தவருக்கு நட்டம் மட்டுமே கணக்கில் நிற்கும். நம் நிக்காஹ் எட்டு மாதம் தள்ளிப் போயிற்று. மாமிக்கு வளையல் வர இரண்டாண்டு ஆயிற்று.

சிலிண்டர் மாற்றிய பின், ஒரு தோட்டத்தின் சொந்தப் பாதையில் மாமா நம்மை ஓட்டச் சொன்னார். அந்த ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள் இரண்டும் வேண்டும். கியர் மாற்றுகையில் கிளச்சை ஒருமுறை மிதித்தால் போதாது. நியூட்ரலில் விட்டு, இயந்திரத்தின் வேகத்தைப் பற்சக்கரங்களின் வேகத்தோடு இணக்கி, மீண்டும் மிதித்தால்தான் இணங்கும். இன்றேல் பற்கள் அலறும். சரிவின் விளிம்பில் நிறுத்தச் செய்து, “ஏறின கியர்லதான் இறங்கணும். பிரேக்கை நம்பி இறங்கக் கூடாது. இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்” என்றார். துஆ ஓதிக் கிளச்சை விட்டோம். பல டன் எடையை இயந்திரம் முனகிக்கொண்டே பிடித்து நிறுத்த, ஆள் நடக்கும் வேகத்தில் இறங்கினோம். பொருத்தியவை யாவும் தத்தம் இடத்தில் நின்று தாங்குவதை உள்ளங்காலில் உணர்ந்தோம். தர்கீப் முற்றும் விளங்கிய வேளை அது.

2012-ல் மாமா மௌத்தானார். வண்டியை விற்க மாமி நம்மைப் பொறுப்பாக்கினார்கள். வாங்க வந்தவர் மலையில் மரம் ஏற்றும் தொழிலர். சட்டத்தில் ஒரு விரிசலைப் பற்றவைத்திருப்பது பெயின்ட்டுக்கு அடியில் மறைந்திருந்தது. பொருளின் குறையை மறைத்து விற்றல் ஆகாது என்று மாணவர்களுக்குப் போதிக்கும் நாம், அதைக் காட்டினோம். மாமா இராணுவப் பழக்கத்தால் ஒவ்வொரு பழுதையும் தேதியிட்டு எழுதி வைத்திருந்த நோட்டையும் கொடுத்தோம். அவர் விலையைக் குறைத்தார், சம்மதித்தோம்.

கடமை முடிந்ததென்று மாமியிடம் பணத்தைக் கொடுத்தபோது, “விலை போகட்டும் தம்பி. நோட்டை ஏன் கொடுத்தீங்க? அவங்க கையெழுத்துன்னு வீட்டில அது ஒண்ணுதான் இருந்துச்சு” என்றார்கள்.

மறுநாளே அந்தத் தொழிலரைத் தேடிச் சென்றோம். வண்டிக்கு அந்நோட்டு தேவை என்று அவர் சொன்னது நியாயமே. ஆகவே புதிய நோட்டு ஒன்றை வாங்கி, அவர் வீட்டுத் திண்ணையில் இரண்டு நாட்கள் அமர்ந்து, வரி விடாமல் பிரதி செய்து அவரிடம் தந்துவிட்டு, மூலத்தை வாங்கி வந்தோம். கிதாபுகளைப் பிரதி செய்து பழகிய கைக்கு அது கடினமாக இல்லை, ஒரு பக்கத்தைத் தவிர. 1995 ஜூன் மாதத்துப் பக்கத்தில் மாமா இவ்வளவே எழுதியிருந்தார்:

“முன் வலது வீல் சிலிண்டர் சரியில்லை. வண்டி ஓடவில்லை. ஹஜ்ரத்துக்கு வருத்தம்.”

அதையும் அப்படியே பிரதி செய்து கொடுத்தோம்.