திபெஸ்தி: கல் மக்களின் மலைநாடு

ஆப்பிரிக்காவின் படத்தை விரித்து, ஸஹாராப் பாலைவனத்தின் நடுவே நாம் விரலை ஓட்டுவோமாயின், சாட் தேசத்தின் வடகோடியில் திபெஸ்தி என்னும் மலைத்தொகுதி தென்படும். மணற் கடலுக்கு நடுவே எரிமலைகள் எழுப்பிய கருங்கல் தீவு அது. அங்குள்ள எமி கூஸிதான் ஸஹாரா முழுவதிலும் உயர்ந்த சிகரம். அதன் உயரம் சுமார் 11,200 அடி. உச்சியில் பல மைல் அகலமுள்ள எரிமலை வாய் ஒன்று திறந்து கிடக்கிறது. அதனுள்ளே மற்றொரு பெருங்குழி. அக்குழியின் அடியில் வெண்பனி போலப் படிந்திருப்பது பனியன்று, சோடா உப்பு!

இத்தகைய இடத்தைப் படமாக வரைவது எளிதா? 1869-ல் நாக்டிகால் என்னும் ஜெர்மானிய வைத்தியர் இங்கே சென்றார். பர்தாய் என்னும் ஊரில் மக்கள் அவரைப் பகைத்துத் தடுத்து வைத்தனர். அவர் உயிர் தப்பி மீண்டதே பெரிது. அந்நியன் ஏன் வருகிறான் என்று அவர்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. பிற்காலத்தில் பிரெஞ்சுப் படைகள் அங்கே வரத்தான் செய்தன.

அப்படைகளின் அதிகாரியான ழான் தீலோ, 1912 முதல் 1917 வரை இப்பிரதேசத்தை அளந்தார். சாட் ஏரிக்கும் நைல் நதிக்கும் முற்காலத்தில் தொடர்பு இருந்ததா என்பது அக்காலத்து அறிஞர்களின் பெருங்கேள்வி. இடையே மேட்டுநிலம் குறுக்கிடுவதால் தொடர்பில்லை என்று அவருடைய அளவைகள் காட்டின. ஏரிக்கு வடகிழக்கே, திபெஸ்தியின் தெற்கில் கிடக்கும் போதேலே என்னும் வறண்ட பள்ளமோ, ஏரியைவிடச் சுமார் 400 அடி தாழ்ந்தது. ஆகவே ஒரு காலத்தில் ஏரியின் வெள்ளம் பாலைவனத்தை நோக்கியே பாய்ந்திருக்கிறது! நீரற்ற நிலத்தில் நீரோடிய வழியைக் காட்டியவை உயரத்தைக் குறிக்கும் எண்களே.

2000-ம் ஆண்டு பிப்ரவரியில், எண்டெவர் என்னும் விண்ணோடம் 11 நாட்களில் உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை ரேடார் கதிர்களால் அளந்தது. தீலோ ஆண்டுக்கணக்கில் அலைந்து அளந்த மலைகளும் அதில் அடங்கின. ஆனால் எந்தப் பாறையிடுக்கில் ஒட்டகத்துக்குத் தண்ணீர் கிடைக்கும் என்பதை ரேடார் சொல்லாது. அதை அறிந்தவர்கள் அங்கே வாழும் தேதா மக்களே. அவர்களையும் உள்ளடக்கிய துபு இனத்தாரின் பெயருக்கே 'கல் மக்கள்' என்று பொருள் கூறுவர்.

படத்திலுள்ள பெயர்களும் அவர்கள் இட்டவையே. 'எமி' என்றால் மலை; 'என்னெரி' என்றால் மழை பெய்தால் மட்டும் ஓடும் ஆற்றின் பள்ளத்தாக்கு. 1960-ல் சாட் சுதந்திரம் பெற்றபோது கொடி மாறியது. அப்பெயர்களை மாற்றவேண்டிய அவசியம் எவருக்கும் நேரவில்லை.