சைக்கிள் சட்டமும் நானும்

சட்டம் என்றவுடன் நீதிமன்றத்தையும் வழக்கறிஞரையும் நினைந்து வாசகர்கள் அஞ்சவேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது துவிச்சக்கர வண்டியின் எலும்புக்கூடாகிய சட்டத்தைப் பற்றியது. நம்மூர்க் கடைக்காரர் பாஷையில் ‘பிறேம்’. பல ஆண்டுகளாகக் கல்லூரியில் பிறருக்குப் பாடஞ்சொல்லி வருகின்ற எனக்கு, இந்த விஷயத்தில் பாடம் புகட்டியவர்கள் மூவர். ஒன்று, ஒரு புள்ளிமான். இரண்டு, சைக்கிள் திருத்துகின்ற ஒரு பெரியவர். மூன்று, என் மகள்.

2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தை இலங்கையில் யாரும் எளிதில் மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் திருகோணமலையிலோ அத்துன்பத்துடன் ஒரு வேடிக்கையும் கலந்திருந்தது. சீனன்குடாவிலே பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 வானளாவ நிற்கின்றன. அவற்றுக்கு அயலவர்களாகிய நாங்கள் சில லீற்றர் பெற்றோலுக்காக இரவிரவாக வரிசையில் நின்றோம். இரண்டு வாரம் நின்று களைத்தபின் மோட்டார் சைக்கிளைக் கொட்டகையில் விட்டுவிட்டு, மிதிவண்டியே கதியென்று முடிவு செய்தேன்.

வீட்டில் அப்போது இரண்டு மிதிவண்டிகள் இருந்தன. ஒன்று, காலஞ்சென்ற என் தந்தையாருடையது. கறுப்பு நிறம், உயர்ந்த உருக்குச் சட்டம், ஏறத்தாழ இருபது கிலோ பாரம். 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் போர் மீண்டும் மூண்டு, நாங்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது, அப்பா அதன் பாரிலே என்னையும், கரியரிலே தங்கையையும் ஏற்றி, ஹான்டிலில் ஓர் அரிசிப் பையையும் தொங்கவிட்டு உருட்டிச் சென்றார். அம்மா பக்கத்திலே நடந்து வந்தார். அன்று எனக்கு வயது ஒன்பது. அந்தச் சட்டத்தை வெறும் இரும்பென்று எண்ண என்னால் இயலாமற் போனதற்குக் காரணம் இதுவே.

மற்றையது, இலண்டனில் வளர்ந்த என் மருமகன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து, விட்டுச்சென்றது. அலுமினியச் சட்டம், ஒரு கையால் தூக்கிவிடலாம். அதற்குப் பிறீவீல் கிடையாது. பின்பல்லு சக்கரத்தின் குடத்தோடு இறுகப் பூட்டப்பட்டிருப்பதால், சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றுகொண்டேயிருக்கும். கால்களுக்கு ஓய்வென்பதே இல்லை.

இது ஏதோ நவீன நாகரிகம் என்று நான் முதலில் எண்ணினேன். ஆராய்ந்து பார்த்தால் இதுவே ஆதி முறை. 1885 இல் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி என்பவர், பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டும் ‘றோவர்’ வண்டியை வெளியிட்டார். இன்றைய மிதிவண்டிகளுக்கெல்லாம் அதுவே பாட்டன். அதற்கும் பிறீவீல் இல்லை. அது பரவலான பின்னரும் அந்நாட்டுச் சைக்கிள் கழகத்தினர் பலர் குளிர்காலங்களில் பழைய முறையிலேயே வீதிகளில் ஓட்டி வந்தனர்.

பாரமற்ற வண்டியே நல்ல வண்டியென்று கருதி, அதிலேயே கல்லூரிக்குப் புறப்பட்டேன். உவர்மலையிலிருந்து கீழே இறங்கும்போது உட்துறைமுகத்தின் நீலம் கண்ணைக் கவர்ந்தது. கால்கள் பெடலோடு ஓட்டப்பந்தயம் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் நகரத்தில் புள்ளிமான்கள் மனிதரைப் போலவே வீதியில் உலாவுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவற்றில் ஒன்று திடீரெனக் குறுக்கே வந்தது. பழக்கதோஷத்தினால் மிதிப்பதை நிறுத்தினேன். பெடல் நிற்கவில்லை; என்னைத் தூக்கி எறிந்துவிட்டது. கரியர் இல்லாத காரணத்தால் தோளிலே தொங்கிய பை திறந்து, மாணவர்களின் விடைத்தாள்கள் வீதியெங்கும் பறந்தன. மான் ஒரு தாளை முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாமென்று அப்பாற் போயிற்று. முழங்காற் காயத்தைவிட அந்த மதிப்பீடே எனக்கு அதிகம் நொந்தது.

அன்று மாலை இரண்டு வண்டிகளையும் சைக்கிள் திருத்துகின்ற பெரியவரிடம் கொண்டுசென்றேன். அவர் என் முழங்காலையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மாஸ்ரர், பிழை உங்களிலுமில்லை, மானிலுமில்லை. இது வட்ட மைதானத்திலே பந்தயம் ஓடுறவனுக்குச் செய்த பிறேம்” என்றார்.

பின்னர் ஒவ்வொன்றாக விளக்கினார். முன்கவர் செங்குத்தாக நிற்பதாலும் சக்கரங்கள் நெருங்கியிருப்பதாலும் வண்டி சிறிய அசைவுக்கும் துள்ளித் திரும்பும். மெதுவாக வளைக்கும்போது பாதம் முன்சக்கரத்தில் தட்டும். மட்காட் பூட்டத் துளையில்லை. ஐப்பசி மாரி தொடங்கினால் முதுகெல்லாம் சேறு. தடித்த டயர் போட இடமுமில்லை. உப்புக்காற்றில் அலுமினியம் உருக்கைப்போலத் துருப்பிடிக்காது என்பது மெய். ஆனால் பொருத்தில் வெடித்துவிட்டால் சாதாரண ஒட்டுவேலைக்காரர் கைவைக்க இயலாது.

“அப்படியானால் பின்சக்கரத்தைக் கழற்றி அப்பாவின் சட்டத்தில் பூட்டலாமா? இரண்டிலும் பின்புறம் கிடையாகத்தானே வெட்டு இருக்கிறது?” என்று கேட்டேன். செயினை இழுத்து இறுக்குவதற்கு அந்தக் கிடைவெட்டு அவசியம் என்பதை அதற்குள் கற்றிருந்தேன்.

அவர் தலையசைத்து மறுத்தார். பிறீவீல் இல்லாத வண்டியில் வளைவிலுங்கூடப் பெடல் சுழன்றே ஆகவேண்டும். ஆகையால் பெடல் பூட்டும் அடியச்சு நிலத்திலிருந்து சற்று உயர்ந்திருத்தல் வேண்டும். அப்பாவின் சட்டத்தில் அது தாழ்வு. வளைவிலே பெடல் தரையில் மோதி ஆளை வீழ்த்திவிடும்.

அடுத்து அப்பாவின் வண்டியின் சீற்றைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். குழாயினுள்ளிருந்து செந்நிறத் துருத்தூள் கொட்டியது. என் நெஞ்சு திடுக்கிட்டது. அவரோ விரலால் தட்டிப் பார்த்து, “அடியிலே ஓரிடத்திலதான் தின்றிருக்கு. உருக்கெண்டபடியால் ஒட்டலாம்” என்றார். நான் பெருமூச்சு விட்டேன். உடனே ஒரு முடிவும் செய்தேன்: ஒட்டியபின் அதை மகளுக்குக் கொடுப்பது. மாலை வகுப்புகளுக்குப் போய்வர அவளுக்கும் ஒரு வண்டி தேவைப்பட்டது. தந்தையாரின் சட்டம் பேர்த்தியையும் சுமக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

திருத்திய வண்டியை முற்றத்தில் நிறுத்தி அவளை ஏறச்சொன்னேன். பாரின் இருபுறமும் காலூன்றி நிற்க முயன்றாள். பெருவிரல் நுனி மாத்திரமே நிலத்தைத் தொட்டது.

“அப்பா, அப்பப்பாவின் வண்டி உங்களைச் சுமந்தது. அது எனக்கும் விளங்குது. ஆனால் சந்தியில் பஸ் வந்தால் எனக்குக் கால் ஊன்ற வேணும்” என்றாள்.

மருமகன் நாகரிகத்தைப் பார்த்து ஒரு சட்டத்தைத் தெரிந்தான். நான் நினைவுகளைப் பார்த்து ஒன்றைத் தெரிந்தேன். தனக்கு எது பொருந்தும் என்று அவள் ஒருத்தியே பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் விவாதித்திருப்பேன். பெற்ற பிள்ளை வீதியிலே விழக்கூடும் என்ற எண்ணம் வந்தபின் வாதாட வாய் எழவில்லை.

மறுநாள் இருவரும் பெரியவரின் கடையில், பார் சரிந்து இறங்கிய பழைய உருக்குச் சட்டமொன்றைக் கண்டெடுத்தோம். மட்காட், கரியர், இரண்டு பிரேக்கு, பிறீவீல் யாவும் பொருத்தினோம். பாரைக் கவட்டிடையில் விட்டு நின்றால் இரு பாதங்களும் நிலத்தில் முழுமையாகப் படிந்து, ஓரிரு அங்குல இடைவெளியும் மிஞ்சியது.

பிறீவீல் இல்லாத வண்டியை நான் பழிக்கவில்லை. அதனை நாள்தோறும் ஓட்ட விரும்பும் இளைஞர்கள், பந்தயச் சட்டத்தை விடுத்து, மட்காட்டுக்கும் தடித்த டயருக்கும் இடம்விட்ட, அடியச்சு உயர்ந்த உருக்குச் சட்டத்தைத் தேடுவார்களாக. முன்பிரேக்கை ஒருபோதும் கழற்றாதிருப்பார்களாக. மருமகன் அடுத்தமுறை வரும்வரை அவனது வண்டி சுவரிலே தொங்குகிறது.

அப்பாவின் வண்டியில் இப்போது நான்தான் கல்லூரிக்குப் போகிறேன். அந்தப் பஞ்சம் நீங்கிப் பெற்றோல் தாராளமாகக் கிடைத்தபோதும் விடவில்லை. காலையில் உவர்மலை இறக்கத்தில் மகள் எனக்கு முன்னே செல்கிறாள். சந்தியிலே நின்று, காலூன்றி, இருபுறமும் பார்க்கிறாள். பாரமான வண்டியில் பின்னால் வருகின்ற நான், அவள் கடந்து முடியும்வரை காத்திருக்கிறேன்.